அறுபத்தெட்டு டிகிரி

இசிப்பிங்கோவில் பிற்பகல் மூன்று மணிக்குக்
கடற்காற்று ஊருக்குள் ஏறி வந்து
கம்பி கிராதி எல்லாவற்றையும் நக்கும்.
சட்டை தைத்த பழைய ஆலை இது. இனி
நூற்று நாற்பது மாணவர் தூங்கப்போகும் விடுதி.
தனபாலன் படையாச்சி காரைவிட்டு இறங்காமல்
கண்ணாடியை மட்டும் இறக்கிக் கேட்டார்:
"இரும்பா பிளாஸ்டிக்கா, எது மலிவு, சவுந்தரி?"

நியாயமான கேள்வி.
நியாயமான கேள்விகளுக்குத்தான்
எழுத்தில் பதில் தருவது கடினம்.

எஃகைத் தட்டினேன்.
தண்டவாளத் துண்டில் அடித்த பள்ளி மணிபோல
வளாகம் முழுக்கக் கேட்டது.
ஆரஞ்சுக் குழாயைத் தட்டினேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.

எஃகைத் தூக்க இருவர் வேண்டும்.
மரை வெட்டும் இயந்திரம், கறுத்த எண்ணெய்,
சுடச்சுட விழும் சுருள் சீவல்.
கீழே தீ எழுந்தாலும் சட்டென்று முதுகு வளையாது.
ஆனால் உள்ளே,
பத்து வருடம் நின்ற தண்ணீரில்
கண்ணுக்குத் தெரியாத ஏதோ குடியேறி
ஊசிமுனை அளவில் வாசல் வைக்கும்.
போன ஜனவரி அமான்சிம்தோட்டியில் ஒன்றை
அறுத்துப் பார்த்தோம். நாலு அங்குலம் என்று வாங்கியது
துருக்கட்டி அடைத்து மூன்றாகக் கிடந்தது,
என் அப்பாவின் நெஞ்சுப் படத்தில்
மருத்துவர் வட்டமிட்டுக் காட்டிய இடம்போல.

பிளாஸ்டிக்கை ஒருவரே சுமப்பார், சீட்டியடித்துக்கொண்டு.
உப்புக்காற்றை அது சட்டை செய்யாது.
பொறி இல்லை, புகை இல்லை.
பசை தடவு, செருகு, கால் திருப்பு, முப்பது எண்ணு.
ஆனால் நெருக்க நெருக்கத் தாங்கி கேட்கும்;
கூரைப்பலகைக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொல்லும்;
கார் நிறுத்தத்தில் அதற்கு அனுமதியே இல்லை.
படித்த நாளிலிருந்து மறக்காத ஒன்று:
வெறுங்குழாய் தீயில் குழையும்.
உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தாங்கும்.

யாருக்குத்தான் அப்படி இல்லை என்றேன்.
ம்தோபிசி சிரிக்கவில்லை.
இரண்டாம் மாடியில் ஒரு குழாயைத் திறந்து காட்டினான்.
இருமல்போலக் காற்று. அப்புறம் ஒரு சொட்டு.
"நகராட்சித் தண்ணீர் நேற்றிலிருந்து இல்லை, சிசி."

அன்றிரவு விலைப்புள்ளியில்
எஃகுக்கு ஒரு பத்தி, பிளாஸ்டிக்குக்கு ஒரு பத்தி,
அவர் கேட்காத மூன்றாவது ஒன்று:
தொட்டி, டீசல் பம்பு.
கூட்டுத்தொகை கண்டு படையாச்சி
போனிலேயே மூச்சை உள்ளிழுத்தார்.
நாலு நாள் சத்தமில்லை.
ஐந்தாம் நாள் ஒரே சொல் வந்தது: சரி.
எந்தப் பத்திக்குச் சரி என்று அவர் சொல்லவில்லை.
மூன்றுக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கீழ்த்தளத்திலும் மேலேறும் தண்டிலும் எஃகு.
அறைகளின் கூரைக்குள் பிளாஸ்டிக்.
இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சங்கடம்:
இதன் மரைக்கு இதமான எண்ணெய்
அதற்கு நஞ்சு. இன்று ஒன்றும் தெரியாது.
என்றோ ஒருநாள் மயிரிழையாய்க் கீறும்.
ம்தோபிசி ஒவ்வொரு மரையையும்
பட்டியலில் உள்ள சோப்பால் மூன்று முறை கழுவி,
துடைத்து, முகர்ந்து பார்த்து,
மறுபடி முகர்ந்து பார்த்து,
பிறகுதான் பசை டப்பாவைத் திறந்தான்.

கடைசியாகச் சிவப்புக் குமிழ்கள்.
சுண்டுவிரல் நகம் அகலம்கூட இல்லாத கண்ணாடி.
அறுபத்தெட்டு டிகிரியில் உடைவதற்கென்றே செய்தவை.
உடையாமலே பழசாகிவிடு என்று
ஒவ்வொன்றிடமும் மனசுக்குள் சொல்லித் திருகினேன்.

பசை இறுக ஒரு நாள் வேண்டும்.
மூன்றாம் மாடிக் கடைசி அறைக்கு மேலே
ஆரஞ்சுக் குழாயில் அவன் பேனாவால் எழுதினான்:
செவ்வாய், 3.40, உங்காதிந்தி.
தொடாதே என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை வெள்ளைப் பலகை அதை மூடிவிடும்.
எவனோ ஒரு பையன் அதன்கீழ் மல்லாந்து படுத்து,
தூக்கம் வராமல் மேலே பார்த்து,
பரீட்சையை மட்டும் நினைப்பான்.